செவத்திக்குத் தெரிந்த வாசம்

அக்கா,

இன்று ஞாயிற்றுக்கிழமை. காலையிலேயே தொட்டியடியில் சோப்புப் போட்டுக் குளித்துவிட்டு, வெளுத்த சேலையைக் கட்டிக்கொண்டு உன் வீட்டுக்குப் போனேன். கோயிலுக்குப் போகிற கோலத்தில் எங்கே கிளம்பிவிட்டாய் என்று நம் லயத்து வரிசை வீடுகளில் இரண்டு பேர் கேட்டார்கள். நாய்க்குட்டி பார்க்க என்றேன். சிரித்தார்கள். சிரிக்கட்டும், காரணம் உனக்கும் எனக்கும் தெரியும்.

செவத்தி நாலு குட்டி போட்டிருக்கிறாள். இருபது நாள் ஆகிறது. கண் திறந்து, தள்ளாடித் தள்ளாடி நடக்கத் தொடங்கியிருக்கின்றன. நான் குனிந்து ஒன்றைத் தூக்கியதும், அவை படுத்திருந்த சாக்கிலிருந்து அந்த வாசம் குப்பென்று எழுந்தது. ஒட்டுப்பால் வாசம். மரத்தில் வழிந்து காய்ந்த ரப்பரை உரித்து உரித்து இடுப்புச் சாக்கில் சேர்ப்போமே, அந்தப் புளித்த வாசம். வெளியார் யாரானாலும் மூக்கைப் பிடித்துக்கொண்டு ஓடுவார்கள். எனக்கோ நீ வந்து வாசலில் நிற்கிறாய் என்று தோன்றிவிட்டது. குட்டியைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்து அழுதேன். வெளுத்த சேலையின் முந்தானையில் மூக்கைச் சிந்தினேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். நீ இருந்திருந்தால் முதலில் அதற்குத்தான் திட்டியிருப்பாய்.

இந்த லயத்துப் பெண்களில் எழுதத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். மிஷன் பள்ளிக்கூடத்தில் மூன்று வருடம் உட்கார்ந்த பாவத்துக்கு எல்லோருக்கும் கடிதம் எழுதிக் கொடுத்தேன். உனக்காக எழுதியதுதான் அதிகம். மாதம் தவறாமல், மாமாவை வைத்திருந்த தஞ்சோங் ரம்புத்தான் மனநோய் ஆஸ்பத்திரிக்கு ஒரு கடிதம். நடுவில் என்ன சொன்னாலும் கடைசி வரி மட்டும் மாறவே மாறாது. "அவரு சுகமா இருக்காரா, ஒழுங்கா சாப்புடுறாரான்னு கேட்டு எழுது புள்ள." அதைத்தானே போன மாதமும் கேட்டோம் என்பேன். "போன மாசம் கேட்டது போன மாசத்துக்கு" என்பாய். இப்போது உனக்கே எழுதுகிறேன். எந்தத் தபால்காரரும் கொண்டுபோக முடியாது, ஆனாலும் எழுதிப் பழகிய கை சும்மா இருக்கவில்லை.

மாமாவுக்கு வந்த நோய்க்கு என்ன பேர் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. ரப்பர் விலை விழுந்து பாதி லயம் காலியான வருடம் அது. யாரை எப்போது கப்பலேற்றி ஊருக்கே திருப்பி அனுப்புவார்களோ என்று எல்லோரும் வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டிருந்தோம். ஒரு நாள் பால் வெட்டப் போன மாமா மரத்தடியில் உட்கார்ந்தார், பிறகு எழுந்திருக்கவில்லை. பேச்சு நின்றுவிட்டது. யாராவது சத்தம் போட்டால் இரண்டு கையாலும் தலையை மூடிக்கொண்டு குந்திவிடுவார். தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் டிரெஸர் எழுதிக் கொடுத்தார், வண்டி வந்து மாமாவைக் கூட்டிக்கொண்டு போனது. உன் புருஷனை அனுப்பிவிட்டு மறுநாள் காலை ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு வந்து பேர் கொடுத்தாய் பார், அன்றைக்கு உன் முகத்தை நான் நிமிர்ந்து பார்க்கவில்லை.

மூன்று மாதம் கழித்து உன்னைத் துரை பங்களாவில் புல் வெட்ட அனுப்பினார்கள். அங்கே துரையின் நாய் ஏதோ ஒரு நாட்டு நாயோடு சேர்ந்து குட்டி போட்டிருந்தது. சாதி கலந்த குட்டிகள் வேண்டாம், ஆற்றில் போடுங்கள் என்று உத்தரவு. சமையல்காரரிடம் கெஞ்சி ஒன்றை வாங்கி, பால் வாளியில் வைத்து மூடிக்கொண்டு வந்தாய். நாயைக் கண்டால் நாலு முழம் தள்ளி நடக்கிறவள் நீ. வாளியைக்கூடக் கையை நீட்டி எட்டப் பிடித்துக்கொண்டுதான் வந்தாய்.

"ஒனக்கு புத்தி கெட்டுப் போச்சாக்கா? கண்ணு முழிச்சு ரெண்டு நாளு ஆவல. தாயில்லாம எப்பிடிப் பொழைக்கும்?" என்றேன்.

"பொழைக்கணும்," என்றாய். "அவரு ஊருல ஒரு நாயி வச்சிருந்தாராம். கெளம்புன அன்னைக்கு ஸ்டேசன் வரைக்கும் ஓடி வந்துச்சாம். இங்க வந்து நாலு வருசமா அதைப் பத்தித்தான் பேசுவாரு. வூட்டுல ஒரு நாயி இருந்தா மனுசன் வந்து தங்குவாரு புள்ள."

நீ எனக்குக் கூடப் பிறக்காத அக்கா. என் அப்பா ஆடு மேய்த்தவர், நாய்களோடு வளர்ந்தவள் நான். எனக்குத் தெரிந்ததை உனக்குச் சொன்னேன், நீ பாதியைக் கேட்டாய்.

முதல் நாளே கடையில் டின் பால் வாங்கிக் கரைத்து ஊற்றிவிட்டாய். குட்டிக்கு வயிறு கழிந்தது. நான் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டுக் கோழி கூரையேறியது. பிறகு கடைசி வீட்டில் ஆட்டுப் பால் வாங்கி, வெதுவெதுப்பாக்கி, துணித் திரியில் நனைத்து வாயில் வைத்தோம். வயிறு முட்டக் கொடுக்காதே, கொஞ்சம் கொஞ்சமாக ஏழு தடவை கொடு என்றேன். தாய் நக்கிவிடாத குட்டி தானாக மூத்திரம் போகாது, ஈரத் துணியால் அடிவயிற்றைத் துடைத்துவிட வேண்டும் என்றபோது உன் முகம் போன போக்கு இப்போதும் சிரிப்பு மூட்டுகிறது. "இந்த வேலையெல்லாம் பெத்த புள்ளைக்கே யாரும் செய்ய மாட்டாங்க" என்றாய். வறுத்த மணலைத் துணியில் முடிந்து பக்கத்தில் வைத்துக் கதகதப்பாக்கினோம். நாலாம் நாள் நான் எட்டிப் பார்த்தால் மணல் முடிச்சு ஒரு மூலையில் கிடந்தது. குட்டி உன் வயிற்றோடு ஒட்டிக்கொண்டு தூங்கிற்று, நீயும் வாயைப் பிளந்துகொண்டு தூங்கினாய்.

செம்மண் நிறத்தில் இருந்ததால் செவத்தி என்று பேர் வைத்தாய். ஒரு மாதத்தில் வயிறு பானையாக உப்பியது. கொழுத்துவிட்டாள் என்று நீ பூரித்தாய். கொழுப்பில்லை, பூச்சி என்றேன். கோயில் வேம்பின் கொழுந்தை அரைத்து ஒரு துளி விளக்கெண்ணெயில் குழைத்துக் கொடுத்தோம். மறுநாள் வெளியே வந்ததைப் பார்த்துவிட்டு நீ அன்று முழுவதும் சோறு தின்னவில்லை. நாம் பால் வெட்டும் வேலைக்காட்டில் ஒரு தடவை, பால் வடிய மரத்தில் கட்டியிருந்த மங்குக் கிண்ணத்துக்குள் தலையை விட்டுப் புதுப் பாலை நக்கி, மேல்வாயும் கீழ்வாயும் ஒட்டிக்கொண்டு திருதிருவென்று விழித்தாள். தேங்காய் எண்ணெய் தடவித் தடவிப் பிரித்தெடுத்தோம். அதற்குப் பிறகு எந்த மங்கின் பக்கமும் அவள் போனதில்லை. நாம் பழக்காமலே படித்துக்கொண்ட பாடம் அது ஒன்றுதான்.

அந்தச் சமயத்தில்தான் ஆஸ்பத்திரியிலிருந்து பதில் வந்தது. ஆங்கிலத்தில் இருந்தது, தோட்டத்துக் கணக்கு எழுதும் கிராணி படித்துச் சொன்னார். மாமா அமைதியாக இருக்கிறார், பார்த்துக்கொள்ள ஆள் இருந்தால் இன்னும் சில மாதத்தில் வீட்டுக்கு வரலாம். நீ நேரே வேலையாட்களை நடத்தும் பெரிய கங்காணியிடம் போனாய், நானும் கூட வந்தேன். அவர் வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு சொன்னார்: "வரட்டும், வேணாங்கல. ஆனா ஒரு கலாட்டா, ஒரு சத்தம், மறுநாளே திரும்ப வண்டி ஏத்திருவேன். அந்த நாயும் அப்பிடித்தான். யாரையாச்சும் கடிச்சா பங்களாத் துப்பாக்கி வந்துரும்லா."

உன் வீட்டு வாசலுக்கு வந்ததும் சொன்னாய். "அவருக்கு சத்தம் ஆவாது. இது அவரப் பாத்து கொரைச்சுச்சுன்னா முடிஞ்சுச்சு. மனுசங்களக் கண்டா கொரைக்காத நாயா ஆக்கணும் புள்ள."

அன்றைக்குத் தொடங்கியது செவத்தியின் படிப்பு. விடியற்காலைப் பெரட்டுக்கு அவளை வாளியில் வைத்துத் தூக்கிக்கொண்டு வந்தாய். பேர் கொடுத்துவிட்டுப் போகிற ஒவ்வொருவரும் கையை அவள் மூக்கருகே நீட்ட வேண்டும், ஒரு கிள்ளு கருவாடு கொடுக்க வேண்டும். கருவாட்டை நீயே முந்தானையில் முடிந்து கொண்டுவந்தாய். "மேலேருந்து தலையில கை வைக்காதீங்க, பயப்படும். கீழேருந்து காட்டுங்க" என்று பெரிய கங்காணிக்கே சொன்னாய். அவரும் நீட்டினார். வாளிகள் மோதுகிற சத்தம், பெரட்டு மணி, ஆயாக் கொட்டகைப் பிள்ளைகளின் அழுகை, பால் நிறுக்கிற கொட்டகையின் இரைச்சல் எல்லாவற்றையும் தூரத்திலிருந்து காட்டி, பிறகு கிட்டக் காட்டினாய். பாலை ஸ்டோருக்கு ஏற்றிப் போகும் மலாய் வண்டிக்காரர் நாயைத் தொட மாட்டார், அவர்கள் வழக்கம் அது. அவர் வண்டி வந்தால் எட்டிப் போய் உட்காரவும் பழக்கினாய். அவர் தூரத்திலிருந்தே "பாகுஸ், பாகுஸ்" என்று மெச்சிக்கொண்டு போவார்.

கையைக் கடித்து விளையாடினால் அடிக்க மாட்டாய். முகத்தைத் திருப்பிக்கொண்டு முதுகைக் காட்டி உட்கார்ந்துவிடுவாய். அவள் கடிப்பதை விட்டுவிட்டு உன்னைச் சுற்றிச் சுற்றி வருவாள். என்னோடு சண்டை வந்தாலும் நீ செய்தது அதைத்தானே. நானும் அப்படியேதான் சுற்றி வந்தேன்.

மாமாவின் பழைய சட்டையை அவள் படுக்கையில் போட்டு வைத்தாய், வாசம் பழகட்டும் என்று. மாதத்துக்கு ஒரு ஞாயிறு ஈப்போ போய் ரயிலேறி அவரைப் பார்த்துவிட்டு வருவாய். ஒரு தடவை திரும்பி வந்தவளைப் பார்த்து செவத்தி உறுமினாள். நாம் இரண்டு பேரும் சிரித்தோம். "ஞாயித்துக்கெழமைச் சேலையில என்னையே அடையாளந் தெரியல பாரு" என்றாய். "அவரு மேல ஒரே மருந்துச் சோப்பு வாசம் புள்ள, பக்கத்துல உக்காந்து எனக்கும் ஒட்டிக்கிச்சு" என்றும் சொன்னாய். இத்தனையும் சொன்ன வாய்க்கும் கேட்ட காதுக்கும் ஒன்றும் உறைக்கவில்லை. நினைத்தால் என் தலையில் நானே குட்டிக்கொள்ளத் தோன்றுகிறது.

செவத்திக்கு எட்டு மாதம் இருக்கும்போது மாமா வந்தார். மத்தியானம். நீ போய்க் கூட்டிக்கொண்டு வந்தாய். வெள்ளைச் சட்டை, ஒட்ட வெட்டிய தலை, பத்து முழத்துக்கு அடிக்கிற சோப்பு வாசம். லயமே வாசலில் நின்றது, பெரிய கங்காணியும் நின்றார். செவத்தி எழுந்தாள். முதுகு மயிர் சிலிர்த்தது. பிறகு குரைத்தாள் பார், அப்படி ஒரு குரைப்பை அவள் வாயிலிருந்து நாம் கேட்டதே இல்லை. ஆயிரம் பேருடைய கைக்கு மூக்கை நீட்டிய நாய், உன் புருஷனைப் பார்த்துப் பல்லைக் காட்டிற்று. மாமா அப்படியே வாசலில் குந்தி, இரண்டு கையாலும் தலையை மூடிக்கொண்டார். கங்காணி தொண்டையைச் செருமினார்.

நீதான் முதலில் புரிந்துகொண்டாய். உள்ளே ஓடி, ஆணியில் தொங்கிய உன் இடுப்புச் சாக்கை இழுத்துக்கொண்டு வந்தாய். வருடக்கணக்கான பால் காய்ந்து மொடமொடத்துக் கிடந்த சாக்கு. அதைக் கொண்டுவந்து அந்த வெள்ளைச் சட்டைக்கு மேலே அவர் தோளைச் சுற்றிப் போர்த்தினாய். செவத்தி ஒரு தடவை குரைத்தாள், நிறுத்தினாள். சாக்கின் நுனியை மோந்தாள், அவர் கையை மோந்தாள், முழங்காலை மோந்தாள். பிறகு வந்து அவர் காலடியில் பொத்தென்று படுத்துக்கொண்டாள்.

மாமா தலையிலிருந்து கையை எடுத்தார். ஏறக்குறைய ஒரு வருடமாகப் பேசாத மனுஷன். "நாறுது" என்றார்.

"நாறட்டும்" என்றாய் நீ. சொல்லிவிட்டு வாசல் என்றும் பாராமல் அவரைக் கட்டிக்கொண்டு அழுதாய். கங்காணி திரும்பி நடந்துவிட்டார்.

அன்று சாயங்காலம் அடுப்படியில் என்னிடம் சொன்னாய். "வேலைக்காட்டு வாசம் அடிக்கிற ஆளுங்களத்தான் அதுக்குக் காட்டிருக்கோம் புள்ள. குளிச்ச மனுசன அது பாத்ததே இல்ல. அதுக்கு மனுசன்னா ஒட்டுப்பால்தான்." இருவரும் வயிறு வலிக்கச் சிரித்தோம். அடுத்த குட்டிக்கு இரண்டையும் காட்டிவிட வேண்டும் என்று அப்போதே முடிவு செய்தாய். வாரத்தில் ஆறு நாள் அழுக்கோடு போய்ப் பார்ப்பது, ஞாயிற்றுக்கிழமை குளித்துவிட்டுப் போய்ப் பார்ப்பது. குட்டி வருமுன் நீ போய்விட்டாய்.

காய்ச்சல் உன்னை ஐந்தே நாளில் கொண்டுபோனது. நாலாம் நாள் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாய். "நா இல்லேன்னா அவரத் திரும்ப அனுப்பிருவாங்க புள்ள." நான் அனுப்ப விட மாட்டேன் என்றேன். அதைச் சொல்ல நான் யார், எனக்கு என்ன அதிகாரம் என்று எனக்கே தெரியவில்லை. ஆனாலும் சொன்னேன்.

மறுநாள் உன்னைக் குளிப்பாட்டினோம். மஞ்சள் பூசினோம், புதுச் சேலை கட்டினோம், சந்தனம் வைத்தோம். வாசலில் கிடத்தியதும் செவத்தி வந்தாள். உன் முகத்தருகே மோந்தாள். தெரியவில்லை அக்கா அவளுக்கு. உன்னைத் தாண்டி உள்ளே போனாள், அடுப்படியில் தேடினாள், வெளியே வந்து வேலைக்காட்டுப் பாதையைப் பார்த்து நின்றாள். பிறகு குரைக்க ஆரம்பித்தாள். நிறுத்தவே இல்லை. மாமா சுவரோரம் குந்தி இரண்டு கையாலும் தலையை மூடிக்கொண்டார். கூட்டத்தில் கங்காணி நின்றார். போச்சு, இன்றைக்கே மாமாவையும் வண்டியேற்றிவிடுவார்கள், உனக்குச் சொன்ன வார்த்தை ஒரு நாள் தாங்கவில்லை என்று நினைத்தேன்.

மாமா கையை எடுத்தார். எழுந்தார். உள்ளே போய் ஆணியிலிருந்து உன் சாக்கை எடுத்துக்கொண்டு வந்தார். கத்தியை வைத்து நடுவில் கிழித்தார். பாதியை மடித்து உன் புதுச் சேலைக்கு மேலே, மார்போடு சேர்த்து வைத்தார்.

"என்னப்பா இது, பொணத்து மேல அதைப் போயி வைக்கிறே? நாறுது, எடு" என்று பெண்கள் பதறினார்கள்.

"நாறட்டும்" என்றார் மாமா.

செவத்தி குரைப்பதை நிறுத்தினாள். வந்து சாக்கை மோந்தாள், உன் கையை மோந்தாள். உன் பக்கத்தில் படுத்து, முகத்தைத் தன் முன்னங்கால் மேல் வைத்துக்கொண்டாள். அதற்குப் பிறகு யாரும் அந்தச் சாக்கை எடுக்கச் சொல்லவில்லை. அதோடுதான் உன்னைக் கொண்டுபோனோம். போவதற்கு முன் கங்காணி மாமாவின் அருகில் வந்து நின்றார். "காரியம் முடிஞ்சதும் பெரட்டுக்கு வந்துரு. ஒம் பழைய மரத்து நெரையத்தான் ஒனக்கு எழுதி வைக்கிறேன்" என்றார்.

மாமா போனார் அக்கா. பதினேழாம் நாள் விடியலில் வாளியும் கத்தியுமாய் வந்து பேர் கொடுத்தார், பின்னாலேயே செவத்தி. ஒரு நாள் தவறவில்லை. பேச்சு குறைவுதான், சத்தம் கேட்டால் இப்போதும் தோள் குறுகும், கை மட்டும் தலைக்குப் போவதில்லை. குட்டி போட்டதிலிருந்து வேலை விட்டு வந்ததும் அவற்றோடேதான் இருக்கிறார். மிச்சமிருந்த பாதிச் சாக்கைத்தான் அவற்றுக்கு விரித்திருக்கிறார். போன ஞாயிறு நான் வேலைக்காட்டுச் சேலையோடு எட்டிப் பார்த்தபோது வாசலிலேயே தடுத்துவிட்டார். "குளிச்சிட்டு வா புள்ள. ஒங்கக்கா சொன்னது மறந்து போச்சா?" என்றார். நீ அவரிடமும் சொல்லி வைத்திருக்கிறாய். எனக்கு மட்டும் சொன்னதாக நான் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன்.

ஆகையால் இன்று குளித்துவிட்டுப் போனேன். சோப்பு வாசக் கையை மூக்கருகே கீழிருந்து நீட்டினேன். மூன்று குட்டிகள் நக்கின. நாலாவது, உன்னைப் போல ஒன்று, முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்தது. அதைத்தான் எனக்கென்று கேட்டிருக்கிறேன். நாயே வேண்டாம் என்று என் வீட்டுக்காரர் முனகுகிறார், முனகட்டும்.

நான் எழுந்தபோது மாமா சட்டியோடு வந்து உட்கார்ந்தார். செவத்திக்கு முதலில் வைத்தார், பிறகு தனக்குப் போட்டுக்கொண்டார். நான் வாசலிலேயே நின்று பார்த்துவிட்டு வந்தேன், உனக்கு எழுத வேண்டுமே என்று. மாதாமாதம் என்னை எழுதச் சொல்லிக் கேட்டாயே, அதற்குப் பதில் இதுதான் அக்கா: அவர் வீட்டில்தான் இருக்கிறார், சுகமாக இருக்கிறார். இன்றைக்கு இரண்டு தடவை சோறு போட்டுச் சாப்பிட்டார்.